காடுகளைக் கணக்கெடுத்தவர்

நுழையும்முன்

ஒரு காடு அழிந்தபின், அங்கு எவ்வகை மரங்கள் நின்றன என்று யாரிடம் கேட்டறிவது? வெட்டியவர் மரத்தின் விலையை அறிவார். காட்டின் அமைப்பை அறியார். கோடரி நுழையும் முன்பே காட்டினுள் நுழைந்து, அங்கு ஓங்கி நின்ற மரங்களையும் அவற்றின் நிழலில் மலர்ந்த செடிகளையும் ஏட்டில் பதிந்து வைத்தவர் ஒருவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரில், 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் எம்மா லூசி பிரவுன் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியப் பணி புரிந்தவர்கள். அவர்கள் தம் மகள்கள் இருவரையும் காட்டுக்கு அழைத்துச் சென்று, காட்டு மலர்களை இனங்காணப் பழக்கினர். தாய் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாத்து வந்தார். அப்பழக்கம் மகளையும் பற்றிக்கொண்டது.

மூத்தவரான அனெட் பூச்சியியலைத் தேர்ந்தார். லூசி முதலில் நிலவியலில் முதுகலைப் பட்டமும், பின்னர் 1914ஆம் ஆண்டு தாவரவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அனெட், இரண்டாமவர் லூசி. பாறையையும் மண்ணையும் கற்றபின் செடியைக் கற்றதால், ஒரு செடி ஏன் ஓரிடத்தில் வளர்ந்து மற்றோரிடத்தில் வளர்வதில்லை என்னும் வினா அவருடைய ஆய்வின் மையமாயிற்று. தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

காட்டிடையே புல்வெளி

அமெரிக்காவின் பெரும் புல்வெளிகள் மேற்கே பரந்து கிடப்பவை. ஒகையோவின் தெற்கில் உள்ள ஆடம்ஸ் மாவட்டமோ காடு அடர்ந்த நிலம். ஆயினும், டோலமைட் பாறையின்மேல் மண் மெல்லிதாகப் படிந்திருந்த வறண்ட சரிவுகளில், மேற்கத்தியப் புல்வெளிக்கு உரிய புற்களும் பூஞ்செடிகளும் சிறு சிறு திட்டுகளாக வளர்ந்திருப்பதை லூசி கண்டார். பாறை, மண், ஈரம், செடி ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்து, இப்பகுதியின் தாவரங்களைப் பற்றிய தம் ஆய்வை 1928ஆம் ஆண்டு வெளியிட்டார். பழங்காலத்தில் கிழக்கே பரவியிருந்த புல்வெளியின் எச்சங்களே இத்திட்டுகள் என்பது அவர் முடிவு. சுற்றிலும் உள்ள மரங்கள் ஆண்டுதோறும் உள்நோக்கிப் பரவுவதால் இவை சுருங்கி வருவதையும் அவர் கவனித்தார்.

மலைக்காடுகளில் களப்பணி

1930ஆம் ஆண்டு சகோதரியர் ஒரு மகிழுந்து வாங்கினர். அதன்பின் அவர்களுடைய ஆய்வு எல்லை கென்டகி மலைகளையும் கடந்து விரிந்தது. கால் நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 65,000 மைல் தொலைவு களப்பயணம் செய்தார் லூசி. சாலை முடியும் இடத்தில் நடை தொடங்கும். தமக்கை துணை வருவார். தங்கை மரங்களை இனம் பிரித்து எண்ணுவார். மறைவிடங்களில் சாராயம் காய்ச்சுவோர் அம்மலைகளில் இருந்தனர். அவர்களைப் பற்றி எவரிடமும் கூறாமல் விலகிச் சென்றதால், மலைவாழ் மக்கள் இவ்விருவரையும் நம்பினர்.

காலம் அவருக்கு எதிராக விரைந்தது. ஒருபுறம் மரம் வெட்டுவோர் முதுகாடுகளைச் சாய்த்து வந்தனர். மறுபுறம் ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய், அக்காடுகளின் தலைசிறந்த மரங்களுள் ஒன்றான செஸ்நட்டை அழித்துக்கொண்டிருந்தது. கென்டகியில் லெதர்வுட் ஓடையை ஒட்டிய முதுகாடு ஒன்றைக் காக்க லூசி பெரிதும் பாடுபட்டார். ஆதரவு திரட்டினார், அரசு அதனை ஏற்றுக் காக்க வேண்டும் என வலியுறுத்தினார். முயற்சி பலிக்கவில்லை, காடு வெட்டப்பட்டது. ஆயினும் அவர் எழுதிவைத்த மரக்கணக்கு எஞ்சியது.

நூலும் புகழும்

முழுநேரமும் ஆய்வில் ஈடுபட விரும்பிய லூசி, 1948ஆம் ஆண்டு பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கிழக்கு வட அமெரிக்காவின் இலையுதிர் காடுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1950ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒவ்வொரு காட்டிலும் எந்த மரம் நூற்றுக்கு எத்தனை என்னும் அட்டவணைகள் அந்நூலின் முதுகெலும்பு. அதே ஆண்டில் அமெரிக்கச் சூழலியல் கழகத்தின் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே.

பனியுகத்திலும் இக்காடுகள் அப்பலேசிய மலைப்பகுதியில் பெரிதும் மாறாமல் நிலைத்திருந்தன என்று அவர் கருதினார். பின்னாளில் ஏரிப்படிவுகளில் கிடைத்த மகரந்தத்தை ஆராய்ந்தோர் அக்கருத்தை ஏற்கவில்லை. விளக்கம் மாறிய பின்னும் அவருடைய கள அட்டவணைகள் மதிப்பு இழக்கவில்லை. கண்டதைக் கண்டவாறே பதிந்ததன் பயன் அது.

நிலைத்த பணி

லெதர்வுட்டில் கிட்டாத வெற்றி ஆடம்ஸ் மாவட்டத்தில் கிட்டியது. லூசியின் இடைவிடாத தூண்டுதலால், அவர் ஆராய்ந்த லிங்ஸ் புல்வெளியை 1959ஆம் ஆண்டு நேச்சர் கன்சர்வன்சி என்னும் அமைப்பு விலைக்கு வாங்கியது. அச்சிறு நிலத்தில் தொடங்கிய காப்புப் பகுதி இன்று 20,000 ஏக்கருக்கும் மேல் விரிந்துள்ளது. அவர் திரட்டிய ஏறத்தாழ 12,000 உலர்தாவரங்கள் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சென்றடைந்தன. 1971ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் தம் 81ஆம் வயதில் லூசி இயற்கை எய்தினார்.

செஸ்நட் ஓங்கி நின்ற காட்டை இன்று எவரும் காண இயலாது. அம்மரம் எங்கெங்கே, எம்மரங்களோடு, எவ்வளவு நின்றது என்பதை அறிய விரும்புவோர் லூசி பிரவுனின் அட்டவணைகளைத்தான் நாட வேண்டும். எஞ்சியிருக்கும் காட்டைக் காக்க முனைவோர்க்கும் அவர் வாழ்வு வழி காட்டுகிறது: ஒரு காட்டில் நிற்கும் மரங்களை முதலில் பெயர் சொல்லி அறிதல் வேண்டும், அந்த அறிவை உடனே எழுத்தில் பதிதல் வேண்டும்.