ஜார்ஜ் முல்லர்

ஜார்ஜ் முல்லர் (செப்டம்பர் 27, 1805 – மார்ச் 10, 1898) இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லங்களை நிறுவிய கிறித்தவப் போதகர் ஆவார். எவரிடமும் பணம் கேட்பதில்லை என்னும் உறுதியுடன் இவற்றை நடத்தினார். இவரது வாழ்நாளில் 10,024 குழந்தைகள் இவ்வில்லங்களில் வளர்க்கப்பட்டனர்.

இளமை

பிரசியாவின் குரோப்பன்ஸ்டெட் என்னும் ஊரில் வரி அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் தந்தையின் பொறுப்பிலிருந்த அரசுப் பணத்தைத் திருடியதையும், 16 வயதில் விடுதிக் கட்டணம் செலுத்தாமல் சிறை சென்றதையும் இவரே தமது குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றபோது, 1825இல் ஒரு வீட்டில் நடந்த செபக் கூட்டம் இவரது போக்கை மாற்றியது. அந்நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவியிருந்த பெரிய அனாதை இல்லத்திலும் சில காலம் தங்கினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் பிராங்கேயின் மாணவரே.

1829இல் இங்கிலாந்து சென்ற முல்லர், அடுத்த ஆண்டில் தமது ஊதியத்தைக் கைவிட்டார். ஆலய இருக்கைகளை வாடகைக்கு விட்டு ஊதியம் திரட்டும் அக்கால வழக்கம் ஏழைகளைப் பின்னுக்குத் தள்ளுவதாக அவர் கருதினார். 1832 முதல் பிரிஸ்டலில் பணியாற்றினார்.

அனாதை இல்லங்கள்

1835இல் பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் படித்தது இல்லம் தொடங்கும் எண்ணத்தைத் தந்தது. வேண்டுதலுக்கு இறைவன் செவிசாய்க்கிறார் என்பதைக் கண்கூடாகக் காட்டுவதே முதல் நோக்கம் என்றும், குழந்தைகளின் நலன் அதற்கு அடுத்தது என்றும் முல்லர் வெளிப்படையாக எழுதினார். இவ்வரிசை இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் குழந்தைகளுக்கான செலவில் அவர் சிக்கனம் பார்க்கவில்லை.

பணத்துக்கும் வீட்டுக்கும் பணியாளருக்கும் வேண்டிக்கொண்ட அவர், குழந்தைகள் வரவேண்டும் என வேண்ட மறந்துவிட்டார். விண்ணப்பம் பெறக் குறித்த நாளில் ஒருவர்கூட வரவில்லை. பின்னர் விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. 1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் 30 சிறுமியருக்கான முதல் இல்லம் திறக்கப்பட்டது. இரைச்சல் குறித்து அண்டை வீட்டார் முறையிட்டதால் நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் நிலம் வாங்கினார். அங்கு 1849 முதல் 1870 வரை ஐந்து பெரிய இல்லங்கள் எழுந்தன. அவற்றில் 2,050 குழந்தைகள் தங்க இடம் இருந்தது.

அக்காலத்தில் பல அனாதை இல்லங்களில் நன்கொடையாளரின் வாக்குகளைப் பெற்ற குழந்தைக்கே இடம் கிடைத்தது. ஆதரிப்பார் இல்லாத குழந்தை இரவலர் விடுதிக்கே போக நேர்ந்தது. முல்லர் வாக்கு முறையை ஏற்கவில்லை. ஆனால் தாய் தந்தை இருவரையும் இழந்தவராகவும், முறையான திருமணத்தில் பிறந்தவராகவும் இருக்கவேண்டும் என்ற விதியை வைத்திருந்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை.

கல்வியும் எதிர்ப்பும்

கல்வியின் தரத்தைக் காக்கப் பள்ளி ஆய்வாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஏழைகளை அவர்களது நிலைக்கு மேலாக உயர்த்துவதாகவும், ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் செல்லவேண்டிய கைகளைத் தடுப்பதாகவும் முல்லர் மீது குற்றம் சாட்டப்பட்டது. சிறுவர்கள் பொதுவாக 14 வயதில் தொழில் பழக அனுப்பப்பட்டனர். தொழில் கற்பிப்பவருக்குரிய கட்டணத்தை இல்லமே செலுத்தியது. சிறுமியர் 17 வயது வரை தங்கினர். இவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிக்கும், சிலர் ஆசிரியப் பணிக்கும் சென்றனர்.

நிதி

ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு இவர் கைவழியே சென்றது. 1834இல் இவர் தொடங்கிய வேதாகம அறிவு நிறுவனம் நடத்திய பள்ளிகளுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இதில் ஒரு பகுதி பயன்பட்டது. கொடுத்தவர் பெயர்களை வெளியிடாமல் கணக்கை மட்டும் ஆண்டறிக்கையில் அச்சிட்டார். அவ்வறிக்கையே ஒருவகை வேண்டுகோள்தான் என்போர் உண்டு. எனினும் 1841இன் இறுதியில் கடும் பணமுடை ஏற்பட்டபோது, அறிக்கையும் ஆண்டுக் கூட்டமும் உதவி கேட்பதாகத் தோன்றக்கூடாது என அவற்றைத் தள்ளிவைத்தார்.

இறுதிக்காலம்

1875 முதல் 1892 வரை இந்தியா உட்படப் பல நாடுகளில் போதித்தார். 92ஆம் வயதில் காலமானபோது அவரது உடைமைகளின் மதிப்பு சுமார் 160 பவுண்டு. மருமகன் ஜேம்ஸ் ரைட் பொறுப்பேற்று இல்லங்களைத் தொடர்ந்து நடத்தினார். 1958இல் ஆஷ்லி டவுன் கட்டடங்கள் பிரிஸ்டல் நகர நிருவாகத்துக்கு விற்கப்பட்டன. அதன்பின் குழந்தைகள் குடும்பம் போன்ற சிறிய இல்லங்களில் வளர்க்கப்பட்டனர்.