எஸ். எஸ். வாசன்

எஸ். எஸ். வாசன் (இறப்பு: ஆகஸ்ட் 26, 1969) தமிழ் இதழாளர், திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர். ஆனந்த விகடன் இதழின் உரிமையாளராகவும் ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனராகவும் விளங்கினார். தாம் எடுத்த தமிழ்ப் படத்தை வேற்றுமொழி மக்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்து, இந்தியா முழுவதும் கொண்டு சென்ற முன்னோடிகளுள் ஒருவர்.

இளமையும் இதழ்ப் பணியும்

வாசனின் இயற்பெயர் சீனிவாசன். திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்ததால் தாயாருடன் சென்னைக்கு வந்தார். விளம்பரத் தொழிலில் ஈடுபட்ட அவர், பூதூர் வைத்தியநாதையர் நடத்தி வந்த ஆனந்த விகடன் இதழை 1928 இல் வாங்கினார். 1940களின் தொடக்கத்தில், தீ விபத்துக்குள்ளான திரைப்பட நிலையம் ஒன்றை வாங்கி, அதற்கு ஜெமினி எனப் பெயரிட்டார்.

சந்திரலேகா

டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்த சந்திரலேகா, வாசன் இயக்கிய முதல் படமாகும். படப்பிடிப்பு பல ஆண்டுகள் நீடித்தது; செலவு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாயை எட்டியது. உடைமைகளை அடகு வைத்தே அவர் படத்தை முடித்ததாகக் கூறப்படுகிறது. பெரிய முரசுகளின் மீது நடனமாடும் காட்சி இப்படத்தில் புகழ் பெற்றது. 1948 ஏப்ரல் 9 அன்று வெளியான தமிழ்ப் படம் பெரும் வரவேற்பைப் பெற்றது. எனினும் தமிழ் வசூல் மட்டும் அச்செலவை ஈடுகட்டப் போதவில்லை.

வேற்றுமொழிப் பதிப்புகள்

இதனால் வாசன் இந்திப் பதிப்பை உருவாக்கினார். வெறும் குரல் மாற்றத்தோடு நில்லாமல், சில காட்சிகள் மீண்டும் படமாக்கப்பட்டன. புதிய நடிகர்களும் சேர்க்கப்பட்டனர். 1948 டிசம்பர் 24 அன்று வெளியான இப்பதிப்பு பெருவெற்றி பெற்று, சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு வட இந்தியச் சந்தையைத் திறந்துவிட்டது. பின்னர் 'சந்திரா' என்னும் பெயரில் சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பு 1950களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரையிடப்பட்டது.

வெளிநாட்டினருக்காகப் படங்களை மாற்றும் வழக்கம் பிற நாடுகளிலும் இருந்தது. ஜப்பானில் 1954 இல் வெளிவந்த காட்சில்லா, 1956 இல் அமெரிக்க நடிகர் ரேமண்ட் பர் தோன்றும் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டு, மூலக் காட்சிகள் பல நீக்கப்பட்டு, அமெரிக்காவில் வெளியானது. அங்கு மாற்றங்களைச் செய்தவர்கள் படத்தின் உரிமையை வாங்கிய அமெரிக்கர்கள். சந்திரலேகாவின் இந்திப் பதிப்பிலோ, மூலப் படத்தை எடுத்தவரே மாற்றங்களையும் செய்தார்.

பிற்காலம்

அபூர்வ சகோதரர்கள் (1949) படத்தை 'நிஷான்' என்றும், சம்சாரம் படத்தை 'சன்சார்' (1951) என்றும் இந்தியில் எடுத்தார். இந்தியில் தாம் எடுத்த 'பைகாம்' (1959) படத்தை இரும்புத்திரை (1960) என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 1964 இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969 இல் பத்ம பூசண் விருது பெற்ற அவர், அதே ஆண்டில் காலமானார். 2004 இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. எனினும் அதனருகே எழுந்த அண்ணா மேம்பாலத்தைச் சென்னை மக்கள் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கின்றனர்.