சத்தம் போடாத கோச் ஜான் மெக்லெண்டன்

கூடைப்பந்து கோச் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது விசிலும் திட்டும்தான். ஐந்து நிமிஷம் லேட்டா வந்தால் பத்து ரவுண்டு, எதிர்த்துப் பேசினால் இன்னும் பத்து. அப்படி ஓடி ஓடியே உடம்பு தேறியவர்கள் இந்த மலரைப் புரட்டுகிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் குரலை உயர்த்தாமல், கெட்ட வார்த்தை பேசாமல், ஒரு கல்லூரி டீமை ராணுவம் மாதிரி கட்டுக்கோப்பாக வைத்திருந்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் ஜான் மெக்லெண்டன். அவர் டீமுக்குக் கட்டுப்பாடு என்பது பந்தயம் ஜெயிக்க மட்டுமல்ல, உயிரோடு வீடு திரும்பவும் வேண்டியிருந்தது.

மெக்லெண்டன் 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி கான்சாஸ் மாநிலத்தில் ஹயவாத்தா என்ற சிறு ஊரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். சிறு வயதிலேயே கூடைப்பந்துப் பைத்தியம். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அப்போது கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பேராசிரியராக இருந்தார். 1933இல் மெக்லெண்டனின் அப்பா மகனை அங்கே கொண்டுபோய் விட்டு, நேரே நெய்ஸ்மித்திடம் போய் நீங்கள்தான் எனக்கு வழிகாட்டி என்று சொல்லச் சொன்னாராம். பையனும் அப்படியே போய்ச் சொன்னான். பெரியவரும் சரி என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. நெய்ஸ்மித் 1891இல் இந்த ஆட்டத்தை உண்டாக்கியது ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே பள்ளியில் பின்னாளில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். அந்தக் கணக்கில் பார்த்தால் நம்ம ஊர் பி.டி. மாஸ்டர்களுக்கும் மெக்லெண்டனுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

கான்சாஸில் மெக்லெண்டனால் கல்லூரி டீமில் ஆட முடியவில்லை. தோல் நிறம்தான் காரணம். நீச்சல் குளத்திலும் இதே கதை. உடற்கல்வி மாணவர்களுக்கு நீச்சல் கட்டாயப் பாடம், ஆனால் அவர் குளத்தில் இறங்கியபின் தண்ணீரையே திறந்துவிட்டுக் குளத்தைக் காலி செய்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில், சில நாட்கள் எல்லோருக்கும் திறந்து வைத்துப் பார்ப்போம், தகராறு வராவிட்டால் அப்படியே தொடரலாம் என்று ஏற்பாடு ஆயிற்று. மெக்லெண்டன் என்ன செய்தார் தெரியுமா? மற்ற கறுப்பின மாணவர்களிடம் போய், அந்த நாட்களில் யாரும் குளத்துப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவைத்தாராம். வராத இடத்தில் தகராறு எப்படி வரும்? குளம் எல்லோருக்கும் திறந்தது. கோபத்தை அடக்கி வைத்துக் காரியம் சாதிக்கிற அந்தப் புத்திதான் பின்னால் அவர் டீம்களிலும் தெரிந்தது.

1936இல் பட்டம், அடுத்த ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலை. பிறகு வட கரோலினா மாநிலம் டர்ஹாம் நகரில் இருந்த கறுப்பினக் கல்லூரியில் வேலை. இன்று அது வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம். 1940இல் அங்கே தலைமைக் கோச் ஆனார்.

அந்தக் காலத்துக் கூடைப்பந்து மெதுவான ஆட்டம். பந்தை நிதானமாகக் கொண்டுபோய், நாலு பேர் கை மாற்றி, சௌகரியம் பார்த்துக் கூடையில் போடுவார்கள். மெக்லெண்டன் அதைத் தலைகீழாக மாற்றினார். பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்டம், கோர்ட் முழுக்க ஆடு, கையில் கிடைத்த சில விநாடிக்குள் எதிர்க் கூடைக்குப் போய்விடு என்பது அவர் பாணி. அதைத்தான் ஃபாஸ்ட் பிரேக் என்கிறோம். சொல்வது சுலபம், நாற்பது நிமிஷம் அப்படி ஓட நுரையீரல் வேண்டுமே. அதனால் சீசன் தொடங்குமுன், பந்தைத் தொடவிடாமல் மைல் கணக்கில் ஓடவைத்தார். நம்ம ஊரில் ஓட்டம் ஒரு தண்டனை. அவரிடம் அது தண்டனை இல்லை, டீமுக்குள் வர நுழைவுச்சீட்டு. ஓட முடியாதவன் தானே கழன்றுகொள்வான். மிஞ்சுகிறவனைத் திட்டவேண்டிய அவசியம் வராது. பயிற்சிமுறை என்ற அளவில் எனக்கு இது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

கோர்ட்டுக்கு வெளியேதான் பெரிய பரீட்சை. தெற்கு மாநிலங்களில் இந்தப் பையன்கள் ஓட்டலில் தங்க முடியாது, வழியில் கண்ட கடையில் சாப்பிட முடியாது, பஸ்ஸில் பின்சீட்டுதான். ஒருத்தன் வாய்விட்டால் போதும், மொத்த டீமுக்கும் ஆபத்து. 1944 ஜூலையில் அதே டர்ஹாமில், பஸ் சீட் தகராறில் கறுப்பினப் படைவீரர் ஒருவரை டிரைவர் சுட்டுக் கொன்றார். வழக்கு நடந்து டிரைவர் விடுதலையும் ஆனார். அப்படிப்பட்ட ஊர் அது.

அதற்கு நாலு மாதம் முன்னால்தான் அந்த ரகசிய ஆட்டம் நடந்தது. டர்ஹாமிலேயே இருந்த டியூக் பல்கலைக்கழகம் வெள்ளையருக்கானது. அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ராணுவப் பயிற்சி மாணவர்களின் டீம் படுபலமானது, பல கல்லூரிகளில் ஆடிப் பேர்வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். இரண்டு டீமும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று பேச்சு கிளம்பியது. மோத வழியில்லை, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுவது அங்கே நினைத்தும் பார்க்க முடியாத காரியம். மெக்லெண்டன் துணிந்தார். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் முழுக்க, போலீஸ் உட்பட, சர்ச்சில் இருக்கும் நேரம். டியூக் டீம் இரவல் கார்களில் சுற்றுவழியாக வந்து சேர்ந்தது. கதவைப் பூட்டினார்கள். ரெஃப்ரீ உண்டு, கடிகாரம் உண்டு, பார்வையாளர் கிடையாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சில மாணவர்கள் தவிர.

ஆரம்பத்தில் மெக்லெண்டனின் பையன்களுக்குக் கை ஓடவில்லை. வெள்ளையனோடு இடித்துப் பிடித்து ஆடி யாருக்குமே பழக்கம் இல்லை. சுலபமான பாஸ் எல்லாம் தவறிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் பயிற்சி தலைதூக்கியது. ஓட ஆரம்பித்தார்கள். முடிவு 88க்கு 44. சரியாக இரண்டு மடங்கு! அதைவிட அழகு அப்புறம் நடந்தது. இரண்டு டீமையும் கலந்து, ஒரு பக்கம் சட்டையோடும் ஒரு பக்கம் சட்டை இல்லாமலும் பிரித்து, இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். பிறகு விடுதி அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் வியப்பது அந்த ஸ்கோரை அல்ல. இருபது வயதுப் பையன்கள், இவ்வளவு பெரிய வெற்றியை ஊரில் யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. விஷயம் தெரிந்த பத்திரிகைக்காரரும் எழுதவில்லை. 1996இல் ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வாய் திறக்காத ஒரு டீம்! பெஞ்சில் உட்கார்ந்து கத்துகிற கோச்சால் இந்தக் கட்டுப்பாட்டை உண்டாக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

டர்ஹாமிலிருந்து 1952இல் கிளம்பி, ஹாம்ப்டனில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, 1954இல் நாஷ்வில் நகரத்து டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு வந்தார். என்.ஏ.ஐ.ஏ. என்ற கல்லூரிச் சங்கம் அப்போதுதான் கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்திருந்தது. கான்சாஸ் சிட்டியில் போட்டிக்கு அழைப்பு வந்தபோது மெக்லெண்டன் ஒரு நிபந்தனை போட்டார். மற்ற டீம்கள் தங்கும் ஓட்டலில் என் பையன்களும் தங்க வேண்டும், அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிட வேண்டும், இல்லையேல் வரமாட்டோம். ஒத்துக்கொண்டார்கள். டீமை அடக்கி வைத்தவர் தான் அடங்கிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு 1957, 1958, 1959 என்று வரிசையாக மூன்று வருஷம் என்.ஏ.ஐ.ஏ. தேசியக் கோப்பை. கல்லூரிக் கூடைப்பந்தில் தொடர்ந்து மூன்று தேசியப் பட்டம் வென்ற முதல் கோச் அவர்தான். அந்த டீமின் நட்சத்திரம் டிக் பார்னெட், பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் டீமில் 1970, 1973 இரண்டு சாம்பியன் பட்டங்களிலும் பங்கு பெற்றவர். ஆட்டத்தை விட்டபின் படித்து டாக்டர் பட்டமும் வாங்கினார்.

அப்புறம் கிளீவ்லாண்ட் பைப்பர்ஸ் என்ற தொழில்முறை டீம். வீரர்களின் சம்பள விஷயத்தில் முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னரோடு ஒத்துப்போகாமல் 1962இல் ராஜினாமா செய்தார். தன் பையன்களை எட்டு மைல் ஓடு என்றால் ஓடுவார்கள், ஆனால் அவர்கள் காசில் கைவைத்தால் இவர் பொறுக்கமாட்டார். 1966இல் கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. வெள்ளை மாணவர் பெரும்பான்மையாக உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைக் கோச் ஆனது அதுவே முதல் தடவை. அங்கே மூன்று வருஷத்தில் 27 வெற்றி, 42 தோல்வி. மறைப்பதற்கில்லை. எல்லா இடத்திலும் ஒரே மருந்து வேலை செய்வதில்லை. 1969இல் டென்வர் ராக்கெட்ஸில் கொஞ்ச நாள், 28 ஆட்டத்தோடு அதுவும் முடிந்தது.

1979இல் நெய்ஸ்மித் பெயரால் உள்ள கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். கோச்சாக அல்ல, ஆட்டத்துக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில். மூன்று தேசியக் கோப்பை வாங்கியவரைக் கோச் என்று சொல்ல ஏனோ மனம் வரவில்லை. 1999 அக்டோபர் 8ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தில் காலமானார். 2016இல்தான் கோச் என்ற பிரிவிலும் அவர் பெயரை எழுதினார்கள். 2019இல் அந்த 1957-59 டென்னசி டீமையும் மொத்தமாகச் சேர்த்தார்கள். 2024 ஏப்ரலில் அதில் உயிரோடிருந்த சிலரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். பார்னெட்டும் போயிருந்தார், அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.