தருமமும் சாதனமும்: சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள்

கொழும்புக் கொச்சிக்கடையிலே கருங்கற்றிருப்பணியாய் விளங்கும் ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைத் தரிசியாத சைவர் இந்நகரில் மிகச் சிலரேயாவர். சிவராத்திரி தினத்திலே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கங்களிலிருந்து மாணாக்கரை அழைத்துக்கொண்டு அங்கே செல்லும் ஆசிரியர்கள், கற்றூண்களைக் காட்டி, இத்திருப்பணியைச் செய்வித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்று சொல்லுவர். அவ்வளவில் நிறுத்திவிடுவதே பெரும்பான்மை. அப்பெரியார் ஒரு நியாயவாதி என்பதையும், தருமஞ் செய்வார்க்கு நியாயசாத்திர அறிவு எத்துணை வேண்டற்பாலது என்பதையும் யாம் பிள்ளைகளுக்குச் சொல்லுவதில்லை. ஆதலின் அவர் சரித்திரத்தில் அப்பகுதியையே இங்கே சிறிது விரித்து எழுதப் புகுந்தோம்.

இராமநாதன் அவர்கள் 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் கொழும்பிலே பிறந்தனர். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாய்மாமனார் சட்டநிரூபண சபையில் அங்கத்தவராயிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி. கொழும்பு அக்கடமியிலும் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் கற்று, சேர் றிச்சட் மோர்கனிடம் நியாயசாத்திரம் பயின்று, 1874இல் அப்புக்காத்தாயினர்.

அக்காலத்தில் உயர் நீதிமன்றத்துத் தீர்ப்புக்கள் ஒழுங்காக அச்சிடப்படாது சிதறிக் கிடந்தன. ஒரு வழக்கிலே முன்னை நீதிபதிகள் யாது சொன்னார்கள் என்று தேடுதல் பெருந் தொல்லை. இளைஞராகிய இராமநாதன் அவர்கள் 1820ஆம் ஆண்டு தொடங்கியுள்ள தீர்ப்புக்களைத் தேடியெடுத்து, ஆண்டு முறையாய்த் தொகுத்து வெளியிட்டனர். அவர் பெயரால் வழங்கும் அத்தொகுதிகளை நியாயவாதிகள் இன்றும் மேற்கோளாக எடுத்தாளுகின்றனர். எழுதி வையாதது நிலையாது என்பதை அவர் உணர்ந்த இடம் இதுவே என்பது எமது கருத்து. அவர் தம்பியாராகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களும், பின்னாளிலே பதிவாளர் நாயகமாயிருந்து, காணி உறுதிகளின் பதிவை ஒழுங்கு செய்தவர். ஒரு வீட்டிலே இருவர் இத்துறையில் உழைத்தமை வியப்பே.

1879இல் முத்துக்குமாரசுவாமி அவர்கள் காலஞ்செல்ல, தமிழர்க்குரிய ஆசனத்துக்கு யாரை நியமிப்பது என்ற கேள்வி எழுந்தது. அப்பொழுது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்திலே இராமநாதன் அவர்கள் பொருட்டு முன்னின்று உழைத்தனர். அவ்வாண்டு டிசம்பரிலே நாவலர் சிவபதமடைந்தனர். நாவலர் தம் வாழ்நாளில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகம் ஆகமவழி நடைபெறவில்லை என்று கண்டித்து எழுதியும் பேசியும் வருந்தியவர். கோயிற் பொருளும் குடும்பப் பொருளும் வேறு வேறு என்பதை ஊரார்க்கு உணர்த்துதல் அவருக்கே அரிதாயிருந்தது. அவ்வருமை இன்றும் நீங்கியதில்லை.

இராமநாதன் அவர்கள் 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரல் உத்தியோகம் வகித்து ஓய்வு பெற்றனர். ஓய்வு பெற்றபின் செய்தனவே பெரிது. தந்தையார் கட்டுவித்த கொச்சிக்கடை ஆலயத்தை 1907இல் தொடங்கிக் கருங்கல்லாற் புதுக்கி 1912இல் கும்பாபிஷேகஞ் செய்வித்தனர். சைவப் பெண்பிள்ளைகள் மிஷனரிப் பள்ளிக்கூடங்களையே நாடவேண்டியிருந்த குறையை நீக்க, 1913இல் மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரியை நிறுவினர். ஆண்பிள்ளைகளுக்கென 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவரக் கல்லூரியை நிறுவினர். இவற்றிற்குத் தம் சொந்தப் பொருளையே வாரி வழங்கினர். 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் இராணுவச் சட்டத்தாற் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக, யுத்தகாலத்திலே கடல் கடந்து இங்கிலாந்து சென்று வாதாடியதும், மீண்டு வந்தபோது சிங்கள மக்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றதும் யாவரும் அறிந்தவை. அவர் கொள்கை அனைத்தையும் யாம் ஏற்கின்றோம் அல்லேம். டொனமூர்ச் சீர்திருத்தத்தின் சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தமை எமக்கு உடன்பாடன்று.

அவர் சபையில் அங்கத்தவராயிருந்த காலத்திலே, 1917இல், நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. சைவப் பாடசாலை ஆசிரியர்கள் இச்சட்டத்தைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று. கோயிற் பரிபாலன சபைக்கும், கிராமச் சங்கத்துக்கும், அன்னதான மடத்துக்கும் காரியதரிசியாய்த் தெரிந்தெடுக்கப்படுபவர் பெரும்பாலும் ஆசிரியரேயன்றோ? காணியொன்றைத் தருமத்துக்கு விடுபவர், அதனை மரண சாதனத்தாலாயினும், நொத்தாரிசு முன் சாட்சிகளோடு முடித்த உறுதியாலாயினும் எழுதிவைத்தல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் சட்டமும் காணிக் கைமாற்றத்துக்கு இதனையே விதித்தது. வாய்ச்சொல்லாற் கொடுத்த காணி கொடுத்தவர் உள்ளவரையுமே காணி. அவர் மக்கள் காலத்தில் அது வழக்கு.

எனினும் அச்சட்டம் ஏழைத் தருமங்களைக் கைவிட்டதன்று. சாதனம் இல்லாதவிடத்தும், நெடுங்கால வழக்கத்தையும் சூழ்நிலை யாவற்றையும் நோக்கித் தருமம் உண்டென்று கண்டால், நீதிமன்றம் தலையிடலாம் என அது கூறுகின்றது. ஒரு குடும்பத்தார் கட்டிய கோயில் அவர்க்கே உரியதா, ஊர்ப் பொதுவா என்ற வழக்குக்களில், பொதுமக்கள் எத்தனை தலைமுறையாய் வழிபட்டனர், திருவிழா உபயம் யார் செய்தனர், உண்டியற் பணம் எங்கே சென்றது என்பனவெல்லாம் சாட்சியாகின்றன. ஆகவே உபயப் பட்டியலும், வரவு செலவுப் புத்தகமும், கூட்டக் குறிப்பும் வெறுங் கடதாசிகள் அல்ல. தருமகர்த்தா கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். தருமப் பொருளால் தாம் இலாபம் அடைதல் ஆகாது. பிழை நேர்ந்தவிடத்துத் தருமத்திற் சம்பந்தமுடைய ஐவர் சேர்ந்து, விதித்த முறைப்படி, நீதிமன்றஞ் செல்லலாம். கேள்வி கேட்பவரைக் கோயிற்பகைவர் என்று தள்ளுதல் நம்மவர் வழக்கம். சட்டமோ அவர்க்கு இடங் கொடுத்திருக்கின்றது.

சாதனம் எழுதினாலும் காலம் அதனை மாற்றாதோ என்று கேட்பார் உளர். மாற்றும். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்க வசமாயின. சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தார் கட்டி வளர்த்த பாடசாலைகளும் அவ்வாறே சென்றன. அப்பொழுது எது பாடசாலை ஆதனம், எது கோயில் ஆதனம் என்று பிரித்துக் காட்டவேண்டி வந்த இடங்களிலே, தெளிவான உறுதி கையிலிருந்தவர்க்கே பேச வாயிருந்தது.

இராமநாதன் அவர்கள் 1930ஆம் ஆண்டு நவம்பர் 26ந் தேதி கொழும்பிலே சிவபதமடைந்தனர். அவர் திருவுடல் மருதனார்மடத்துக் கல்லூரி வளவிலே சமாதி வைக்கப்பட்டது. பரமேசுவரக் கல்லூரி வளவிலே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டு, அதுவே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. கல்லூரியின் பெயர் அங்கே மறைந்தது. பரமேசுவரன் ஆலயம் மாத்திரம் அவ்வளவினுள்ளே நின்ற இடத்திலேயே நிற்கின்றது. சோதனைக்குச் செல்லும் மாணாக்கர் அதன் வாயிலிற் கும்பிட்டுத் திருநீறு தரித்துச் செல்லுகின்றனர்.