வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்: பின் சீட் வைத்த ஜெட்டின் கதை

பிளாஸ்டிக் கிட் கட்டுற நண்பர்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். எம்.ஈ. 262 ஜெட்டை 1/72 அளவில் கட்டும்போது, ஃபியூசலேஜின் ரெண்டு பாதியையும் ஒட்டுறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள எடை வைக்கணும். வைக்கலைன்னா முன் சக்கரம் அந்தரத்துல தூக்கிக்கும், வால் தரையில உக்காந்துடும். மீன்பிடி சாமான் கடையில் கிடைக்கிற ஈயக் குண்டு போதும். ரெண்டு சீட் உள்ள டிரெய்னர் மாடல்னா பின்னாடி இன்னொரு சீட், இன்னொரு பேனல்னு பிளாஸ்டிக் கூடுது, அதனால கொஞ்சம் தாராளமாவே வைக்கலாம். கட்டி முடிச்சா மொத்த நீளம் 15 சென்டிமீட்டர்கூட வராது. நிஜ விமானத்துக்கும் சென்டர் ஆஃப் கிராவிட்டி தகராறு இருந்தது. அந்தக் கதைக்கு முன்னாடி, பெட்டி மேல இருக்கிற பெயருக்குச் சொந்தக்காரரைப் பார்த்துடலாம்.

வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் 1898 ஜூன் 26 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. வளர்ந்தது பாம்பெர்க் ஊரில். அங்கே ஃபிரீட்ரிக் ஹார்த் என்ற கட்டடக்கலைஞர் கிளைடர் செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பையனா இருந்த வில்லி அவர்கூட ஒட்டிக்கிட்டான். 1921இல் இருவரும் சேர்ந்து செய்த கிளைடரில் ஹார்த் 21 நிமிடங்களுக்கு மேல் பறந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. அதே பறத்தலின் முடிவில் விமானம் விழுந்து ஹார்த்துக்குப் பலத்த அடி. மெஸ்ஸர்ஷ்மிட் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பை முடித்து, 1923இல், 25 வயதில், சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். நம்ம வயசோட நாலு கூட்டிப் பாருங்க.

எடையைக் குறைப்பதுதான் அவருக்குப் பைத்தியம். ஒரு பாகம் ஒரு வேலை மட்டும் செய்தால் அது வீண் என்று நினைக்கிற ரகம். அதுக்கு விலையும் இருந்தது. 1928இல் எம்-20 என்ற பயணிகள் விமானத்தின் சோதனைப் பறத்தலில் இறக்கையின் பகுதி பிய்ந்துபோக, பைலட் ஹாக்மாக் குதித்து இறந்தார். அவர் லுஃப்ட்ஹன்சா தலைவர் எர்ஹார்ட் மில்ஷின் நண்பர். மில்ஷ் மெஸ்ஸர்ஷ்மிட்டைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு ஆர்டர் ரத்தானது, 1931இல் கம்பெனி திவால். ரெண்டு வருஷத்தில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள், மில்ஷ் விமான அமைச்சகத்திலேயே போய் உட்கார்ந்தார். ஆனா மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கும் மேலிடத்தில் ஆள் இருந்தது: ஹிட்லரின் துணைவர் ருடால்ஃப் ஹெஸ். கட்சியிலும் சேர்ந்தாச்சு.

1935இல் பி.எஃப். 109 பறந்தது. போர் முடிவதற்குள் முப்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதன் லேண்டிங் கியர் இறக்கையில் இல்லாமல் ஃபியூசலேஜோடு சேர்ந்திருக்கும். இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கும். எடையும் மிச்சம். ஆனா சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி குறைவு, அதனால தரையில் தடுமாறிக் கவிழ்ந்தவை ஏராளம். மெஸ்ஸர்ஷ்மிட்டை ஒரே பாகத்தில் புரிஞ்சுக்கணும்னா இந்தக் காலைப் பார்த்தா போதும்.

இப்போ ஜெட். டிசைன் டீமை நடத்தியவர் வால்டமார் ஃபோக்ட். முதலில் நேரான இறக்கைதான் வரைந்தார்கள். எஞ்சின் எதிர்பார்த்ததைவிட எடை கூடிவிட்டதால் பேலன்ஸ் கெட்டது. சரிசெய்ய இறக்கையைப் பின்னால் சாய்த்தார்கள், 18.5 டிகிரி. எல்லாரும் ஏதோ தீர்க்கதரிசனம் என்று புகழும் அந்தச் சாய்வு, எடைக்கணக்கில் பிறந்தது!

1942 மார்ச்சில் ரெண்டு பிஎம்டபிள்யூ ஜெட் எஞ்சினோடு பறந்தபோது ரெண்டுமே காற்றில் செத்துப்போயின. முன்ஜாக்கிரதையாக மூக்கில் ஒரு பழைய பிஸ்டன் எஞ்சினை விட்டுவைத்திருந்ததால் பைலட் ஃபிரிட்ஸ் வெண்டல் பிழைத்தார். ஜூலை 18 அன்று யூமோ 004 எஞ்சின்களோடு, ஜெட் பலத்தில் மட்டும் பறந்தார். அப்போது வால்பக்கம் சக்கரம் இருந்த டிசைன். ஓடுபாதையில் வால் மேலே எழும்பவே எழும்பாது, ஏன்னா இறக்கை மறைப்பதால் எலிவேட்டருக்குக் காற்று சரியா வராது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை லேசாகத் தட்டி, குலுக்கி, வாலைத் தூக்கவைத்தார் வெண்டல். டேக்-ஆஃபில் பிரேக்! அதுக்கப்புறம்தான் மூக்குச் சக்கரம் வந்தது.

டிரெய்னர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் எஞ்சின்தான் காரணம். நிக்கல், குரோமியம் தட்டுப்பாட்டில், அலுமினியம் பூசிய சாதாரண எஃகில் எரியறை செய்தார்கள். எஞ்சின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம். திராட்டிலைச் சட்டென்று தள்ளினால் எஞ்சின் அணையும், இல்லைன்னா தீப்பிடிக்கும். பிஸ்டன் விமானத்தில் பழகின கை அதைத்தான் செய்யும். அதனால பின்பக்க எரிபொருள் டாங்கை எடுத்துவிட்டு, அங்கே பயிற்சியாளருக்கு சீட்டும் கன்ட்ரோலும் வைத்தார்கள். எம்.ஈ. 262 பி-1ஏ அதுதான். போன எரிபொருளுக்கு ஈடாக மூக்குக்குக் கீழே ரெண்டு டிராப் டாங்க். சில விமானங்களை அப்புறம் ரேடார் பொருத்தி இரவு ஃபைட்டராக மாற்றினார்கள். டிரெய்னர் ஒன்று இன்னும் அமெரிக்காவில் பென்சகோலா மியூசியத்தில் இருக்கு.

கிட் பெட்டியில் எழுதாத பகுதி இனிமேல் வருது. பாம்பிங்கில் தொழிற்சாலைகள் அழிந்தபோது, ஆஸ்திரியாவில் சாங்க்ட் கியோர்கன் என்ற ஊருக்குக் கீழே சுரங்கம் தோண்டி எம்.ஈ. 262 ஃபியூசலேஜ் செய்தார்கள். தோண்டியதும் செய்ததும் குசன் வதைமுகாமின் கைதிகள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஃபிளாசன்பர்க் முகாமில் கல்குவாரிக் கைதிகளை 109இன் பாகங்கள் செய்யவைத்தார்கள். கம்பெனிக்கு இது தெரியாமல் நடந்ததில்லை. கைதிகளைக் கம்பெனிதான் வேலைக்கு வாங்கியது. பேனல் லைனைக் கழுவி வாஷ் அடிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். நிஜத்தில் அந்த ரிவெட்டை அடித்த கை யாருடையது? கிட்டைத் தூக்கிப் போடணும்னு நான் சொல்லலை, நானும் கட்டுறேன். ஆனா ஷெல்ஃபில் வைக்கும்போது பக்கத்துல ஒரு சின்ன அட்டையில் குசன் என்ற பெயரையும் எழுதி வைக்கிறேன். பார்க்க வர்றவங்க கேட்கிறாங்க, சொல்றேன்.

போருக்குப் பிறகு சுமார் ரெண்டு வருஷம் காவலில் இருந்தார். 1948இல் நீதிமன்றம் அவரை 'கூடச் சென்றவர்' என்ற வகையில் சேர்த்து விட்டுவிட்டது. என் கணக்கில் இது ரொம்பக் குறைச்சல்.

ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை. கம்பெனி ரெடிமேட் வீடு, தையல் மெஷின் எல்லாம் செய்தது. 1953இல் ஃபிரிட்ஸ் ஃபெண்ட் வடிவமைத்த மூணு சக்கரக் குட்டிக் காரும் வந்தது. ஒருவர் பின் ஒருவர் உட்காரணும், மேலே கண்ணாடிக் குமிழ். டிரெய்னர் காக்பிட் ரோட்டில் ஓடின மாதிரியே இருக்கும்.

அவர் மட்டும் ஸ்பெயினுக்குப் போனார். ஹெச்.ஏ.-200 சயேட்டா அங்கே 1955இல் பறந்தது. ரெண்டு எஞ்சின், முன்னும் பின்னுமாக ரெண்டு சீட்: முழுக்க முழுக்க ஜெட் டிரெய்னர். அடுத்த ஹெச்.ஏ.-300 சூப்பர்சானிக் ஃபைட்டருக்கு ஸ்பெயினிடம் காசில்லை, திட்டம் எகிப்துக்குப் போனது. 1964 மார்ச் 7 அன்று ஹெல்வானில் அதை முதல்முறை ஓட்டியவர் நம்ம இந்திய விமானப்படையின் கபில் பார்கவா. அந்த எகிப்து எஞ்சினை நம்ம மாருத் விமானத்துக்கும் போட்டுப் பார்க்கிற யோசனை இருந்தது. 1969இல் எகிப்து திட்டத்தைக் கைவிட்டது.

அதற்குள் ஜெர்மனியில் அவருடைய கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைந்து எம்.பி.பி. ஆகிவிட்டது. மெஸ்ஸர்ஷ்மிட் 1978 செப்டம்பர் 15 அன்று மியூனிக்கில் இறந்தார். பார்கவா ஓட்டிய அந்த முதல் ஹெச்.ஏ.-300, அதே மியூனிக்குக்குப் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் மியூசியத்தில் நிற்குது. இதுக்கு நல்ல 1/72 கிட் யாராவது பார்த்திருந்தா சொல்லுங்க.