மேகத்துக்குப் பேர் வச்சவர்

லூக் ஹோவர்ட் 1772-ல் லண்டனில் பிறந்தார். தொழில் மருந்து தயாரிப்பு. வானம் பார்ப்பது பொழுதுபோக்குதான். ஆனா 1802-ல் மேகங்களுக்கு குமுலஸ், ஸ்ட்ராட்டஸ், சிர்ரஸ்னு பேர் வச்சவர் இவர்தான்.

அவரோட இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. வருஷக்கணக்கா தினமும் வெப்பநிலையைக் குறித்து வைத்தார். நகரத்துக்குள் எடுத்த அளவோடு வெளியே எடுத்ததை ஒப்பிட்டுப் பார்த்தார். ராத்திரியில் லண்டனுக்குள் சுமார் 2 டிகிரி செல்சியஸ் அதிகம்! நெருக்கமான கட்டடங்கள், எரிக்கிற நிலக்கரி எல்லாம்தான் காரணம்னு புரிந்துகொண்டார். 1818-ல் அதைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார். 1864-ல் இறந்தார்.

இன்னைக்கு அதுக்குப் பேர் 'நகர வெப்பத் தீவு'. பூமியே சூடாகும்போது நகரத்துல இந்தச் சூடும் சேருது. அவர் 200 வருஷம் முன்னாடியே அளந்து சொல்லிட்டார். நாம இன்னும் மரத்தை வெட்டி கான்கிரீட் போட்டுட்டு இருக்கோம்.