சாய்வூசி கண்ட றொபேட் நோர்மன்

16ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வாழ்ந்த நோர்மனை நாம் இங்கே நினைவுகூருகின்றோம். ஏறத்தாழ இருபது ஆண்டு கடலோடியபின், அன்னார் இலண்டனுக்கு அருகே திசையறி கருவிகள் செய்து விற்றுவந்தார்.

சமநிலையாய் அமைத்த ஊசியைக் காந்தக் கல்லில் உரைத்ததும் வடமுனை தாழ்ந்துவிடும். மறுமுனையிற் சிறிது பாரஞ் சேர்த்துச் சரிசெய்வார். ஒருமுறை, அரும்பாடுபட்டுச் செய்த ஊசியின் தாழ்ந்த முனையை வெட்டிக் குறைக்கப்போய், ஊசியே பாழாயிற்று. சினங்கொண்ட அவர் காரணந் தேடலானார்.

ஊசி மேலுங் கீழுமாய்ச் சுழலும்படி கிடையச்சிற் பொருத்தி, பாகை குறித்த நிலைக்குத்து வட்டத்துள் அமைத்தார். 1576இல் இலண்டனில் அவர் அளந்த சாய்வு 71 பாகை 50 கலை. 1581இல் அதனை நூலாக வெளியிட்டார். பூமியே பெருங்காந்தமென 1600இல் கில்பேட் நிறுவுதற்கு அது துணையாயிற்று.

காந்த நடுக்கோட்டை அண்டிய நம் முரசுமோட்டையில் அவ்வூசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். இளைஞர்களே! கைத்தொழிலில் நேர்ந்த நட்டத்தையும் அறிவாக மாற்றிய அப்பெரியாரின் விடாமுயற்சியை நாமும் கைக்கொள்வோமாக.